ஏழாம் நம்பரின் துரு

என் வீட்டில் ஒரு தலையணை உறை ஒழுங்காகக் கிழிந்து குப்பைக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. கொஞ்சம் நைந்தால் போதும், என் வீட்டுக்காரர் கத்தரிக்கோலோடு வந்து நிற்பார். இரண்டு விரல் அகலத்துக்குச் சதுரம் சதுரமாக வெட்டி டப்பாவில் அடுக்குவார். எல்லாம் துப்பாக்கிக் குழாய் துடைக்க. காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் கம்பெனியில் எட்டு ரைஃபிள்களுக்குப் பொறுப்பு அவர். என் பிறந்தநாளைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார். எந்தக் குழாயில் எந்தத் துணி போகும் என்று கேட்டால் தூங்கவிட மாட்டார்.

துணியைக் குழாய்க்குள் தள்ளும் ஒரு கம்பி வாங்க ஒரு மாதம் யோசித்த மனுஷன். இரும்பு உட்புறத்தைக் கீறிவிடும், பித்தளைதான் வேண்டும் என்று மேனேஜரிடம் ஒற்றைக்காலில் நின்றார். அந்தக் கம்பியையும் பின்பக்கத்திலிருந்துதான் விடுவார். குண்டு வெளியேறும் முன்வாயில் ஒரு நூல் தேய்ந்தாலும் குறி தப்பிவிடுமாம்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் ஏழாம் நம்பர் துப்பாக்கி பாடாய்ப் படுத்தியது. வாராவாரம் அதன் முன்வாயில் மட்டும், உள்ளே ஒரு அங்குலத்துக்குத் துரு. மற்ற ஏழிலும் பொட்டு அழுக்கில்லை.

அது என் தம்பியின் துப்பாக்கி. பகலெல்லாம் ஒரு கிடங்கு வாசலில் அதோடு தனியாக நிற்பான், மாலையில் இவரிடம் திருப்பிக் கொடுப்பான். ஒரு நாளும் சுட்டதில்லை. அவன் பெண்டாட்டி செத்து ஒரு வருஷம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தால் எங்களைச் சிரிக்க வைக்காமல் போகமாட்டான். பல்வலி என்று வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. டாக்டரிடம் போய்த் தொலையேன்டா என்று திட்டிக்கொண்டே நான்தான் கிராம்பைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். தேறிவிட்டான் என்று நிம்மதியாக இருந்தேன்.

இவர் வெண்கல பிரஷை விட்டு நைலானுக்கு மாறினார். எண்ணெயைக் கெட்டியாக்கினார். சுவரில் ஈரமோ என்று அலமாரியையே நகர்த்தினார். மூன்று மாதம். துரு அதே இடத்தில், அதே அளவில் வந்துகொண்டே இருந்தது. தம்பி காய்ச்சலில் படுத்த வாரம் மட்டும் வரவில்லை. அதை இவர் என்னிடம் சொன்னார். அவன் கைராசி அப்படி என்று மழுப்பிவிட்டேன்.

ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தார். எண்ணெய் தொடாத வெறும் துணியை அன்று ஏழாம் நம்பரின் முன்வாயில் விட்டுத் துடைத்தாராம். அந்தத் துணி அவர் உள்ளங்கையில் இருந்தது.

"மோந்து பாரு."

"கிராம்பு," என்றேன். "நம்ம தம்பி வாசனை." சொல்லும்போது சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"துரு பிடிக்க ஈரம் வேணும். தெனமும் மூச்சு பட்டாலே போதும்," என்றார். துணியை விரல் நுனியில் சுற்றித் தன் வாய்க்கு நேரே நீட்டிக் காட்டினார். அதற்குமேல் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கரண்டி எப்போது கீழே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

அப்படியே அவன் வீட்டுக்கு ஓடினோம். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். செத்துப்போனவளின் துண்டு கொடியில் அப்படியே கிடந்தது. இவர் துணியை அவன் முன்னால் வைத்தார்.

"இனிமே உனக்குத் துப்பாக்கி கெடையாது. கெளம்பு, நம்ம வீட்டுக்குப் போலாம்."

தம்பி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வாயில் வந்ததோ பைத்தியக்காரக் கேள்வி. பல்வலின்னு சொன்னியேடா என்றேன்.

"பல்வலியெல்லாம் இல்லக்கா. வாயில அந்த இரும்பு ருசி போகவே மாட்டேங்குது. அதுக்குத்தான்."

கன்னத்தில் ஒன்று வைத்தேன். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

இப்போது எங்களோடுதான் இருக்கிறான். மனநல டாக்டரிடம் வாராவாரம் நானே கூட்டிப்போகிறேன். ஏழாம் நம்பரில் துரு இல்லை. ஆனாலும் இவர் தினமும் எட்டுத் துப்பாக்கியிலும் வெறும் துணியை விட்டு, ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறார்.