தனலட்சுமியின் ஜமக்காள வகுப்பு

ஆனைமலையில் மகள் வீட்டில் இருந்தேன். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, என்னோடு யோகா வகுப்பில் இருந்த செல்வி கைப்பேசியில் அழைத்தாள். "அக்கா, தனமக்கா போயிட்டாங்க" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். "அழுவறதுன்னா இங்க வந்து அழுவுங்க. பஸ் ஏறுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். போத்தனூரில் தனமக்கா என்கிற தனலட்சுமியிடம் யோகா கற்ற நம் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். சிலருக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முட்டி வலிக்காக நான் முதலில் போனது நகரத்துக்குள் இருந்த ஒரு பெரிய யோகா நிலையத்துக்கு. தனமக்கா அங்கே பயிற்சியாளர். காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தைப் பிடிக்கச் சொன்னார். என் கை கணுக்காலுக்கே எட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் அதற்கென்று பெல்ட் இருந்தது. தனமக்கா தன் துப்பட்டாவை எடுத்து என் பாதத்தில் சுற்றி, இரண்டு முனைகளையும் என் கையில் கொடுத்தார். "இப்ப இழுங்க அம்மணி. எட்டுதுங்களா?" எட்டியது. மேலாளர் பார்த்துவிட்டார். நிலையத்தில் விற்கும் பொருள்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றார். "காலுக்கு அது துப்பட்டான்னு தெரியாதுங்க" என்றார் தனமக்கா. அன்று மாலையே வேலையை விட்டுவிட்டார்.

தனமக்காவின் பெரியப்பா மகனுக்குப் போத்தனூரில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அதன் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு தொடங்கியது. தரையில் பவானி ஜமக்காளங்கள். டைல்ஸில் வழுக்காமலிருக்க அவற்றைச் சுவரோடு முட்டுக் கொடுத்து விரிப்போம். முதுகுக்குக் கீழே சுருட்டிய போர்வை, தொடைமேல் அரிசிப் பை, கண்மேல் கொள்ளு நிரப்பிய சிறு துணிப்பை. ஒருநாள் ஆசனத்துக்காக ஏறிய பிளாஸ்டிக் நாற்காலியின் கால் வழுக்கி நான் விழுந்தேன். முழங்கை வீங்கிவிட்டது. வீட்டுச் சாமானை வைத்து ஆளைக் கொல்கிறாள் என்று பேச்சு பரவியது. மறுநாள் தனமக்கா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நாற்காலி மேல தப்பில்லீங்க. செவுத்தோட ஒட்டிப் போடாதது என்னோட தப்பு. எதுவா இருந்தாலும் அழுத்திப் பாத்துட்டுத்தான் ஏறோணும். ஆனா இதுக்குப் பயந்து ஆரும் கடைக்கு ஓட வேண்டாமுங்க." பிளாஸ்டிக் நாற்காலிகள் போய் இரும்பு நாற்காலிகள் வந்தன. வகுப்பு நிற்கவில்லை.

செல்வி அந்த மண்டபத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்துகொண்டிருந்தாள். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. தனமக்கா அவளைக் கூப்பிட்டு எங்கள் வரிசையில் படுக்கவைத்தார். பத்து நாள் போயிருக்கும். மண்டபத்து அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். "ஏன் தனம், சீருக்கு எடுத்த ஜமக்காளம். ஆரு ஆரோ படுக்கறாங்கன்னு பேச்சா இருக்குது. அந்தப் பொண்ணத் தனியா ஒரு பாய் கொண்டாரச் சொல்லு."

செல்வி எழப் போனாள். தனமக்கா அவள் தோளில் கைவைத்து அழுத்தினார். "அண்ணா, அவ படுத்து எந்திரிச்சா ஜமக்காளத்துக்கு ஒண்ணும் ஆவறதில்லீங்க. நோவுறது உங்க மனசுதானுங்க. அதுக்கு ஆசனம் எனக்குத் தெரியாது." இடுப்பில் இருந்த மண்டபச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். அண்ணன் சீருக்கு எடுத்த ஜமக்காளங்களை அங்கேயே விட்டுவிட்டு, தான் வாங்கியதை மட்டும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். செல்வியும் நானும் பின்னால் போனோம்.

மறுநாள் அவர் வீட்டு மொட்டை மாடிக்குப் பாதிப் பேர்தான் வந்தோம். "வராதவங்க ஊட்டுலயும் செவுரு இருக்குதுங்க. செஞ்சுக்குவாங்க" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் தணிவு இல்லை. சொந்தக்காரர்களின் விசேஷங்களுக்கு அவரை அழைப்பது நின்றது. செல்வி மண்டப வேலையை இழந்து வேறிடம் தேடிக்கொண்டாள். சில மாதம் கழித்து ஒருநாள் அந்த அண்ணனின் மனைவி, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்தார். காலியாக இருந்தது செல்விக்குப் பக்கத்து இடம். ஒரு கணம் நின்றார், பிறகு படுத்துக்கொண்டார். அண்ணன் மட்டும் கடைசிவரை அந்தப் படி ஏறவில்லை.

தனமக்காவுக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறும். மருத்துவமனையில் கட்டிலுக்குக் குறுக்கே இழுக்கும் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு தலையணைகளை அடுக்கி, அதில் கவிழ்ந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செவிலிப் பெண், "அம்மா, அது சாப்பிடறதுக்குங்க" என்றாள். "சாப்பாடுதான் எறங்க மாட்டேங்குது. மூச்சாவது எறங்கட்டும் கண்ணு." பார்க்க வந்த ஒருவர், யோகா செய்தும் இப்படி ஆகிவிட்டதே என்று வருந்தினார். "சாகாம இருக்கறதுக்கு நான் செய்யலீங்க. நோவாம உக்கார்றதுக்குத்தான்" என்றார் அவர்.

காரியம் முடிந்த அன்று உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். நான் எழுதப்போவது அவருக்குத் தெரிந்திருந்தது. "சிக்கனமானவங்க, எளிமையானவங்கன்னு எழுதிப்போடுங்க. அந்த மண்டபத்துப் பேச்சு இப்ப எதுக்குங்க? அத மட்டும் உட்டுருங்க." என்றார். தனமக்கா சிக்கனத்துக்காகத் துப்பட்டாவைக் கழற்றவில்லை. உடம்பு இருக்கிற எல்லோருக்கும் இது உரியது, வாசலில் நின்று பொறுக்கி எடுக்க எவருக்கும் உரிமையில்லை என்பதற்காகத்தான் கழற்றினார்.

நான் ஆயுளெல்லாம் தலையாட்டியே பழகியவள். அவரோடு இருந்த காலத்தில் அவர் என்னிடம் விட்டுப்போனது ஒன்றுதான். அதை அன்று முதன்முறையாக என் வாயிலிருந்தே கேட்டேன். குரலை உயர்த்தவில்லை; மரியாதையையும் குறைக்கவில்லை.

"உட மாட்டேனுங்க" என்றேன்.