எல்லோரும் கேட்ட நெஞ்சு

அப்பா ஆஸ்பத்திரி வேன் ஓட்டினார். வெளிநாடுகளில் மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர்கள் சில வாரப் பயிற்சிக்காக அந்த ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். விமான நிலையத்திலிருந்து அவர்களைக் கூட்டி வருவது அவர் வேலை. அவர்கள் நாட்டில் எதற்கும் ஸ்கேன். காதால் கேட்டு நோயைப் பிடிக்கப் பழகத்தான் இங்கே வந்தார்கள்.

அவர்களுக்கு முதல் பாடமும் அப்பாதான். வேனை நிறுத்திவிட்டு வார்டுக்குப் போய், சட்டையைக் கழற்றிக் கட்டிலில் படுப்பார். அவர் நெஞ்சில் ஒரு கரகரப்பான சத்தம் இருந்தது. கழுத்து வரை ஏறும். கற்றுக்குட்டிக் காதுக்கும் தப்பாது. ஒவ்வொருவராக ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுத் தலையாட்டுவார்கள்.

"எத்தனை நாட்டு டாக்டருங்க பாத்துட்டுப் போறாங்க. எனக்கென்ன கொறச்சல்?" என்பார் வீட்டுக்கு வந்ததும்.

"நெஞ்சை உலகத்துக்கே காட்டுறாரு. நான் சொல்றதை மட்டும் காதுல வாங்க மாட்டாரு" என்பாள் அம்மா. அவள் சொன்னது மாடிப்படியைப் பற்றி. அப்பா பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்குவார். அதான் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்களே என்பார். நாங்களும் அதையே நம்பினோம்.

போன வாரம் புதுக் குழுவை அழைக்கப் போனவர், வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தார். விமானத்திலிருந்து இறங்கி வந்த டாக்டர்கள்தான் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே எடுத்தார்கள். பெட்டியைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைத்தார்களாம். சத்தமே இல்லை.

அடக்கம் முடிந்து, அந்தப் பயிற்சியை நடத்தும் பெரிய டாக்டரைப் பார்க்கப் போனேன். அப்பாவுக்கு யார் வைத்தியம் பார்த்தார்கள், என்ன மருந்து என்று கேட்டேன். அவர் இதய டாக்டரைக் கூப்பிட்டார். அவரோ, நீங்கள்தானே பார்த்தீர்கள் என்று பெரிய டாக்டரையே கேட்டார். இருவருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"யாரோ பாத்துக்கிறாங்கன்னுதான் எல்லாருமே நெனச்சோம்மா" என்றார் பெரிய டாக்டர்.

அப்பாவை யாரும் பார்க்கவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். அதையே அவர் வைத்தியம் என்று நினைத்திருக்கிறார். அவருக்குக் குறுகிப்போயிருந்தது இதய வால்வு; அதை மாற்றும் அறுவை சிகிச்சை அதே கட்டடத்தின் மேல்மாடியில் நடக்கிறது. அதற்கு வரும் நோயாளிகளையும் அவர்தான் வேனில் ஏற்றி வந்தார்.

அப்பாவின் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்களாம். இனி வருகிறவர்களுக்குப் பாடமாகப் போடலாமா என்று பெரிய டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டு, ஹெட்போனை நீட்டினார். மாட்டிக்கொண்டேன். அந்த நெஞ்சை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் குடிநீர் நிலையத்தில் பம்ப் பராமரிக்கும் இன்ஜினியர். வால்வு குறுகினால் வரும் சத்தம் எனக்குத் தெரியும். எங்கள் பம்ப் அறையில் அதைக் கேட்கிறவர், யாரானாலும், முதலில் சுவிட்சை அணைப்பார். என்ன கோளாறு என்ற பேச்சு அப்புறம்தான்.

"போடுங்க" என்றேன். "ஆனா இது என்ன வியாதின்னு அவங்களைக் கேக்காதீங்க. இவரை யார் பாக்குறாங்கன்னு முதல்ல கேளுங்க. பதில் தெரியாதவங்களை அங்கிருந்து எந்திரிக்க விடாதீங்க."