கொப்பு செருகாத மிலாறுக் கட்டு

மூன்று வருடத்துக்கு முந்தைய மே மாதக் கடைசி. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மழை எந்த நேரமும் இறங்கலாம் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வாரம்.

நான் கொழும்பில் ஒரு நிலவடிவமைப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கட்டடத்தைச் சுற்றியுள்ள நிலத்தையும் மரங்களையும் தண்ணீர் போகும் வழியையும் வரைந்து கொடுப்பதுதான் தொழில். டயகம பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்பதால் மலைநாட்டு வேலை எது வந்தாலும் என் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்குத் தெரியாதது அங்கே ஒன்றுமில்லை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை இதுதான். தோட்டத்துப் புள்ளக்காம்பராவுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு சரிவு. தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போவது அந்தப் புள்ளக்காம்பராவில்தான். சரிவிலிருந்த கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, மண்ணைச் சரியவிடாமல் கட்டி, பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோட்டம் போட வேண்டும். பணம் கொடுத்த அமைப்பு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வேலையால் காற்றில் கலக்கும் காபன் எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறைய வேண்டும்.

அலுவலகம் முதலில் வரைந்தது கொங்கிரீட் சுவர். கணக்குப் போட்டுப் பார்த்தால், சீமெந்தும் அதை மலையேற்றும் லொறிகளும் சேர்ந்து மொத்தக் காபனில் பெரும்பகுதி அந்த ஒற்றைச் சுவரிலேயே வந்து நின்றது. சுவரே வேண்டாம் என்று மேலாளரிடம் சண்டை பிடித்தேன். பிடுங்கிய தேயிலையின் கிளைக் குச்சிகளான மிலாறைக் கட்டுக் கட்டாகச் சரிவின் குறுக்கே கிடத்தி, முளையடித்து, பின்னால் மாணாப்புல் நட்டால் போதும், மிலாறு மண்ணைப் பிடிக்கும், அது மக்குவதற்குள் புல் வேர் விட்டுவிடும் என்றேன். மேலாளர் அரை மனதோடு சம்மதித்தார். முதல் மழைக்கு மண் இறங்கினால் கொங்கிரீட் லொறி வரும், சுவர் முடியும்வரை புள்ளக்காம்பரா மூடப்படும் என்று முடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை பின்னேரம் கட்டுகளையெல்லாம் சரிவின் தலைப்பில் அடுக்கிவிட்டு, ஹட்டனில் நான் தங்கியிருந்த அறைக்கு நிம்மதியாகத் திரும்பினேன். திங்கள் காலை வந்து பார்த்தால் ஒரு குச்சி இல்லை. முளைகள்கூட இல்லை. கட்டியிருந்த கயிறுகள் மட்டும் அழகாகச் சுற்றி, புள்ளக்காம்பரா படியில் வைக்கப்பட்டிருந்தன.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்துக்கு நேரே போய், வேலைக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்த கண்டாக்கையாவிடம் திருட்டு என்று கத்தினேன். அவர் சிரிப்பை அடக்கியபடி, கட்டுகளில் கொப்பு செருகியிருந்தேனா என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்டிக் கிடக்கும் மிலாறு தூக்குகிறவருக்குச் சொந்தம். கட்டின் தலையில் ஒரு பச்சைக் கொப்பைச் செருகி வைத்தால்தான் அதற்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். எட்டு வயதில் நானே கொப்பு செருகியிருக்கிறேன். படித்து, கணினியில் காபன் கணக்குப் போடத் தெரிந்த பிறகு, மிலாறு அடுப்பெரிக்கும் விறகு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. என் கணக்குத் தாளில் அது "கழிவு" என்ற வரியில் இருந்தது.

வரிசையில் நின்றிருந்த ஒருத்தி முன்னால் வந்தாள். என் வயதுதான் இருக்கும், இடுப்பில் சாக்குப் படங்கு கட்டியிருந்தாள்.

"ஆளில்லாத மிலாறுன்னுதான் தூக்குனோம் மிஸ். பாதி பரணுக்கு ஏறிருச்சு, பாதி எரிஞ்சிருச்சு. அத வச்சு என்னா செய்யப் போனீங்க?"

அன்றுதான் முதன்முறையாக அவர்களிடம் முழு விஷயத்தையும் சொன்னேன். சரிவு, மழை, லொறி, புள்ளக்காம்பரா மூடப்படப் போவது எல்லாவற்றையும். அவளுடைய கைப்பிள்ளை அப்போதும் புள்ளக்காம்பராவில்தான் இருந்தது.

"அத மூடுனா நாங்க எப்புடி மலைக்குப் போறது? இத மொதல்லயே எங்ககிட்ட சொல்ல மாட்டீங்களா?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், சரிவோரம் காற்றில் சாய்ந்து கிடந்த நிழல் மரத்தைக் காட்டினாள். அதன் அடிமரத்தில் பெஞ்சு செய்து, கிளைகளைத் துண்டாக்கி மண்ணில் பரப்ப நான் திட்டம் போட்டிருந்தேன்.

"அடுப்புக்குத் தடிச்சது வேணும். ஒங்க சரிவுக்கு மெல்லிசு போதும்தானே? அந்தக் கொப்பெல்லாம் எங்களுக்கு. இன்னைக்குக் கவ்வாத்து வெட்டுற மலையில எங்க பங்கு மிலாறு ஒங்களுக்கு."

கண்டாக்கையா தலையாட்டினார். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் நான் சரிவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வளைவில் ஒரு தலை தெரிந்தது, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக நாற்பது பேர், ஒவ்வொருவர் தலையிலும் ஒரு மிலாறுக் கட்டு. என்னைக் கேலி செய்வதற்காகவே எல்லாக் கட்டிலும் ஒரு பச்சைக் கொப்பைச் செருகியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதேன்.

மூன்று பின்னேரங்களில் வேலை முடிந்தது. தண்ணீர் போகும் கான் வெட்டும் ஆண்கள் இருவர் என் வரைபடத்தைப் பார்த்து, வரிசைகளை மட்டமாகப் போட்டால் தண்ணீர் தேங்கி அத்தனையும் புரண்டுவிடும், கான் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் போட வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னபடியே மாற்றினேன். பெண்கள் மாணாப்புல் குத்துகளைப் பிரித்து நட்டுக்கொண்டே போனார்கள். புதிதாகச் சீவிய முளைகளில் கடைசியை அடித்த மறுநாள் மழை பிடித்தது.

நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலை மேலாளர் கொழும்பிலிருந்து நேரே வந்து இறங்கினார். லொறிக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். புள்ளக்காம்பரா வாசலிலேயே உள்ளே பிள்ளைகள் போடும் சத்தம் கேட்டது. பின்பக்கம் போனோம். சரிவு அப்படியே இருந்தது. ஒவ்வொரு மிலாறு வரிசைக்குப் பின்னாலும் மண் படிந்து சின்னச் சின்னப் படிகளாகியிருந்தது. கானில் தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் குடை முனையால் ஒரு வரிசையைக் குத்திப் பார்த்தார். இன்னொன்றைக் காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, லொறி வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார்.

மேலே மழையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவர் வருகிறதா என்று அந்தக் கைப்பிள்ளைக்காரி அங்கிருந்தே கேட்டாள். வரவில்லை என்று கையை ஆட்டினேன். மலை முழுக்க ஒரே கூவல். மேலாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எனக்கு அந்த நிமிடம் ஒரு கோயில் தேரையே இழுத்து முடித்த மாதிரி இருந்தது.

கடைசிக் காபன் கணக்கில் அடுப்புக்குப் போன கொப்புகளையும் ஒளிக்காமல் எழுதினேன். நான் முதலில் காகிதத்தில் காட்டிய எண்ணை விட அது கொஞ்சம் கூடத்தான். ஆனால் சுவர் இருந்த வரியில் பூச்சியம். புள்ளக்காம்பரா ஒரு நாள்கூட மூடப்படவில்லை. இப்போது மாணாப்புல் இடுப்பளவு நிற்கிறது.

அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும், நான் கழிவு என்று எழுதப்போவதை அங்கே யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்காமல் ஒரு கோடும் போடுவதில்லை. அந்தச் சரிவைக் காப்பாற்றியவள் நான்தான் என்று அலுவலகத்தில் இன்றும் சொல்கிறார்கள். தூக்கி வந்தது நாற்பது பேர், நான் வரைந்தேன், அதையும் அவர்கள்தான் திருத்தினார்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லும்போது எனக்கு வெட்கம் வருவதில்லை, பெருமைதான் வருகிறது.