நாற்பத்தெட்டில் நிற்காத கம்ப்யூட்டர்: மருங்காபுரியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை

கம்ப்யூட்டர் டப்பாவைப் பேருந்தில் வைத்துத் திருச்சி வரை கொண்டுபோக முடியுமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முடியும். போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை நான் கொண்டுபோய்த் திரும்பினேன். எனக்கு வயது எழுபத்து நான்கு. எழுதப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டச்சு செய்கிறாள். பச்சைமலைக்கும் சமயபுரத்துக்கும் போய்வந்ததை முன்பு இந்தப் பக்கத்தில் படித்திருப்பீர்கள். அவற்றைத் தட்டச்சு செய்தது என் மகள் செல்வி.

செல்வி மாசி மாதம் இறந்துபோனாள். மஞ்சள் காமாலை. முப்பத்தாறு வயது. நான் தூக்கிக்கொண்டு போனது அவளுடைய கம்ப்யூட்டர்.

அவள் வேலை என்ன என்று சொன்னால்தான் மற்றது புரியும். இனிமேல் கட்டப்போகும் வீடுகளை அவள் கம்ப்யூட்டரில் கட்டுவாள். வாசலில் நுழைந்து, கூடம், சமையலறை, மாடி என்று நாமே நடந்து பார்ப்பதுபோல் படமாக்கித் திருச்சி இன்ஜினியர்களுக்கு அனுப்புவாள். ஒரு நிமிடப் படம் தயாராக ஒரு நாள் முழுக்க மெஷின் ஓடும். புது மெஷின் வாங்க வசதியில்லை. அதனால் இருக்கிற மெஷினின் மூளையான புராசசரையே கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டினாள். ஓவர்கிளாக் என்று அதற்குப் பெயர். வேகத்தை ஏற்றினால் மின்சாரத்தை ஏற்ற வேண்டும், மின்சாரத்தை ஏற்றினால் சூடு ஏறும், சூடு ஏறினால் நின்றுபோகும். இந்த மூன்றுக்கும் நடுவில் எது நிலைத்து நிற்கிறது என்று ஒவ்வொரு படியாகச் சோதித்துப் பார்த்தாள். பதினொரு நாள் ஆனது.

அந்தப் பதினொரு நாளும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் எண்களைச் சொல்வாள், நான் மனத்தில் வைத்துக்கொள்வேன். நோட்டில் எழுதிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டதற்கு, "நோட்டுல எழுதுனா நோட்டைத் தேடணும்ப்பா. நீன்னா கூப்பிட்டா வந்துடுவ" என்றாள். இப்போதும் வரிசையாகச் சொல்வேன். வேகம் ஐம்பது: திரையே வரவில்லை. நாற்பத்தொன்பது, வோல்டேஜ் ஒன்று புள்ளி மூன்று நான்கு: தொண்ணூற்று நான்கு டிகிரி, பதினோராவது நிமிடம் நின்றது. நாற்பத்தெட்டு, ஒன்று புள்ளி இரண்டு ஒன்பது: எண்பத்தோரு டிகிரி, ஆறு மணி நேரம் நிற்காமல் ஓடியது. அந்த நாற்பத்தெட்டில்தான் நான்கு வருடம் வேலை செய்தாள்.

அவள் போன பிறகு தினமும் காலையில் அதைப் போட்டு, அவள் கட்டிய வீடுகளுக்குள் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு அணைத்துவிடுவேன். எந்தப் படத்தை எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. கடப்பாரை, மண்வெட்டி, மோட்டார் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தோம். அவள் ஆயுதத்தை மட்டும் அழுக்காக விட மனம் வரவில்லை. டப்பாவைத் திறந்தேன். அவள் இரண்டு முறை கழற்றியபோது டார்ச் பிடித்தவன் நான். நான்கு ஸ்க்ரூவையும் குறுக்காகக் கழற்றி, காற்றாடி வைத்த பெரிய கூலரைத் தூக்கினேன். அடியில் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்ததைப் பழைய வேட்டித் துணியால் பளபளவென்று துடைத்தேன். அங்கே ஏதோ பசை வைப்பாள் என்பது நினைவிருந்தது. அவளுடைய டப்பியில் இருந்தது கல்லாகியிருந்தது. பட்டாணி அளவு சந்தனத்தைக் குழைத்து, புராசசர் தலைமேல் அதே இடத்தில் வைத்து மூடிவிட்டேன். மனத்துக்கு நிறைவாக இருந்தது.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் முதல் தானாக அணைந்தது. கரண்ட் கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி போட்டேன். பதினேழு தடவை. அப்புறம் திரையும் வரவில்லை.

இனிப் பயணம். பெரிய கூலர் உள்ள டப்பாவை நிற்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள். அது முக்கால் கிலோவுக்கு மேல் கனம். பள்ளத்தில் வண்டி குதித்தால் போர்டைப் பிய்த்துக்கொண்டு வரும். படுக்கப் போட்டுத் தலையணை கொடுத்து, போர்வையில் கட்டினேன். காலை ஆறு மணிக்கு ஷேர் ஆட்டோவில் துவரங்குறிச்சி, முப்பது ரூபாய். அங்கிருந்து திருச்சிப் பேருந்து, சுமார் ஐம்பது கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் குலுக்கல் குறைவு.

கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "என்ன பெரியவரே, டிவியா?"

"கம்ப்யூட்டருங்க."

"கீழ வைங்க. எறங்கி ஓடிப்போயிடாது."

"ஆடக் கூடாதுங்க. மடியிலயே இருக்கட்டும்."

"மடியில இருந்தா என்ன, தலையில இருந்தா என்ன, லக்கேஜ் லக்கேஜ்தான்" என்று இருபது ரூபாய்க்குச் சீட்டுக் கிழித்தார். வாங்கிக்கொண்டேன். ஐம்பது கிலோமீட்டருக்கும் கால் மரத்துப்போனது.

இப்போது மதுரைச் சாலைப் பேருந்துகள் பஞ்சப்பூர் புதுப் பேருந்து நிலையத்திலேயே நின்றுவிடுகின்றன. ஏழேமுக்காலுக்கு இறங்கி, டவுன் பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையம் போனேன். நேராக ஸ்ரீரங்கம் போயிருக்கலாம். செல்விக்கு அந்தக் கூலரை விற்று, எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று நான்கு வருடமாகப் போனில் சொல்லிக் கொடுத்த வரதன் அங்கேதான், கீழ உத்தர வீதியில் வீட்டிலேயே கடை வைத்திருக்கிறார். ஆனால் அவரிடம் போனால், அவள் ஏன் வரவில்லை என்று கேட்பார். அதைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் தெரியாத கடையாகப் பார்த்துச் சத்திரம் பக்கம் ஒரு மாடிக்கு ஏறினேன். கடை திறக்கப் பத்தரை ஆனது.

கடைக்காரர் மூட்டையைக்கூட முழுதாக அவிழ்க்கவில்லை. "அண்ணன்கிட்ட சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இது பேரீச்சம்பழத்துக்குத்தான் ஆகும்."

"பேரீச்சம்பழம் எனக்கு ஆகாதுங்க, சுகர்" என்றேன். சிரித்துவிட்டார். "சரி, வெச்சிட்டுப் போங்க. கம்பெனி ஸ்பீடுல ஓடுற மாதிரி பண்ணித் தரேன்" என்றார்.

கம்பெனி ஸ்பீடில் ஓட்டுவதற்கு என் மகள் எதற்கு? மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

சத்திரத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பேருந்து ஸ்ரீரங்கம் போகும். காவிரிப் பாலம் தாண்டும்வரை கூட்டம் நெருக்கும், உட்கார இடம் கிடைக்கிற வண்டிக்குக் காத்திருங்கள். ராஜகோபுரம் தாண்டி உத்தர வீதி வரை டப்பாவோடு நடக்க முடியாது. ஆட்டோக்காரர் அறுபது கேட்டார், ஐம்பதுக்கு வந்தார்.

வரதனை நான் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும். அறுபதை ஒட்டிய வயது. நெற்றியில் திருமண், கையில் ஸ்க்ரூ டிரைவர். நான் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே எழுந்துவிட்டார்.

"செல்வியோட அப்பாவா? வாங்கோ, வாங்கோ. அவ எங்கே? பஸ்ல வாந்தி வரும்னு உங்களை அனுப்பிட்டாளா?"

"அவ இல்லீங்க."

"வெளியூர் போயிருக்காளா?"

"எங்கயுமே இல்லீங்க. மாசியில தவறிட்டா."

ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் வைத்தார். உருண்டு கீழே விழுந்ததை எடுக்கவில்லை. "நம்பர் மாத்திட்டா போலிருக்குன்னு நினைச்சேன். புதுசா வேற யாரோகிட்ட சாமான் வாங்கறாள்னு கோவம்கூட வந்தது" என்றார். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அப்புறம் இருவரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். ஒன்றேகாலுக்குத்தான் டப்பாவைத் திறந்தார்.

கூலரைத் தூக்கியதும் வாசனை வந்துவிட்டது. காய்ந்து வெடித்து, ஓரமெல்லாம் கருகியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"சந்தனமா இது?"

"நான்தாங்க வெச்சேன். ஆயுத பூஜைக்கு."

அவர் சிரிக்கவில்லை. "எங்காத்திலயும் பொட்டு வைப்போம். ஆனா டப்பாவுக்கு மேலே. இது புராசசரோட சூட்டை வாங்கிக் கூலர்கிட்ட கொடுக்கறதுக்கான பசை. சந்தனம் ஈரமா இருக்கறவரைக்கும் ஏதோ கொடுத்திருக்கு. காஞ்சதும் போர்வை போத்தின மாதிரி ஆயிடுத்து." ஒவ்வொரு தடவை நான் போட்டபோதும் சூடு நூறைத் தொட்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது அணைந்திருக்கிறது என்றார். பதினேழு தடவை என்பதை அவரிடம் சொன்னேன். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

புதுப் பசை வைத்து மூடிப் போட்டதும் திரை வந்தது. கை கூப்பிவிட்டேன். ஆனால் அவர் முகம் மாறவில்லை. போர்டில் நாணயம்போல் ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போயிருந்தது. அதனால் செல்வி போட்டு வைத்த கணக்கு முழுவதும் அழிந்து, மெஷின் கம்பெனி வேகத்துக்குப் போய்விட்டது.

"எங்கேயாவது எழுதி வெச்சிருக்காளா?"

"என்கிட்டதான் இருக்குங்க. போடுங்க, சொல்றேன்" என்றேன்.

பேட்டரியை மாற்றிவிட்டு அவர் விசைப்பலகைமேல் கை வைத்தார். நாற்பத்தெட்டு என்றேன். ஒன்று புள்ளி இரண்டு ஒன்பது. பாரம் ஏறும்போது வோல்டேஜ் சரியாமல் பிடிப்பதற்கு நாலாம் படி. காற்றாடி அறுபது டிகிரியில் முழு வேகம். ஒன்றையும் விடவில்லை. அவர் ஒரு தடவை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினார்.

ஒன்று ஐம்பதுக்கு முழுப் பாரம் கொடுத்துச் சோதனையை ஆரம்பித்தார். எழுபத்தொன்பது டிகிரி. அவள் பார்த்ததைவிட இரண்டு குறைவு. காற்றாடிச் சத்தம்கூட அதேதான். பத்தொன்பதாவது நிமிடம் திரை நீலமாகி நின்றது.

வோல்டேஜை ஒரு படி ஏற்றி, ஒன்று புள்ளி மூன்றில் மறுபடி ஓட்டினார். முப்பத்து நான்காவது நிமிடம் நின்றது.

"சந்தனத்தாலயாங்க?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. நாலு வருஷம் விரட்டி ஓட்டியிருக்கா. தேயத்தான் செய்யும். அந்தச் சூடும் கொஞ்சம் தின்னிருக்கலாம். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் வோல்டேஜ் ஏத்தினா நாற்பத்தெட்டுல நிக்க வெச்சுத் தரேன். தொண்ணூறு டிகிரியைத் தாண்டும். ஆறு மாசம் வருமோ, ஒரு வருஷம் வருமோ. அப்புறம் மொத்தமாப் போயிடும். நீங்க சொல்லுங்கோ, எப்படிப் பண்ணணும்?"

ஏற்றுங்கள் என்றுதான் வாயில் வந்தது. அதற்காகத்தானே மடியில் வைத்துத் தூக்கி வந்தேன். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினொரு நாளில், நாற்பத்தொன்பது நின்றுபோன பிறகு, ஒன்று புள்ளி மூன்றையும் எண்பத்தைந்து டிகிரியையும் தாண்ட ஒருநாளும் சம்மதித்ததில்லை. நாற்பத்தொன்பதுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பாரேன் என்று நானே ஒருமுறை சொன்னதற்கு, "அது ஓடுறது இல்லப்பா, சாகுறது" என்றாள்.

"அவ ஒன்னு புள்ளி மூணைத் தாண்ட மாட்டாங்க" என்றேன்.

"தெரியும். என்கிட்டயே சண்டை போட்டிருக்கா."

தெருவில் பூக்காரம்மா கூவிக்கொண்டு போய்த் திரும்பி வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"நாற்பத்தேழு வைங்க."

வைத்தார். மூன்று மணிக்கு ஆரம்பித்து ஐந்தரை வரை நிற்காமல் ஓடியது. பேட்டரிக்கும் பசைக்கும் சேர்த்து முந்நூற்றெண்பது. வேலைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஆட்டோ ஏறும்வரை டப்பாவை அவரே தூக்கி வந்தார். எட்டரைக்கு வீட்டில் இருந்தேன். மறுநாள் காலையில் போட்டேன். வீடு திறக்கிறது, மாடி ஏற முடிகிறது. வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது மாமா என்கிறாள் மருமகள். எனக்குத் தெரிகிறது.

அன்று பேருந்தில் திரும்பும்போது, ஒரு எண்ணையும் மறக்கவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அது போதவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வியாழன், வெள்ளியில் பேருந்துக் கூட்டம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வெள்ளியில் சமயபுரக் கூட்டமும் சேரும். மார்கழியில் ஸ்ரீரங்கம் பக்கம் டப்பாவோடு போகவே வேண்டாம். ஓவர்கிளாக் செய்த மெஷினைத் தூக்கும் முன் எல்லா எண்களையும் காகிதத்தில் எழுதி வையுங்கள். கூலருக்கு அடியில் இருக்கும் சாம்பல் பசை அழுக்கு இல்லை, துடைத்தால் அதே பசையை வைத்துத்தான் மூட வேண்டும். அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார் வரதன்.

அடுத்த முறை நானே போவேனா, தெரியாது. வேறு யாராவது எடுத்துப்போனால், வரதனிடம் இதைச் சொன்னால் போதும்: நாற்பத்தேழு, ஒன்று புள்ளி இரண்டு ஏழு, எழுபத்தாறு டிகிரி. நாற்பத்தெட்டு வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.