ஒரே நிரையில் சிவந்த மரங்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை பார்ப்பவர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும்கூட ஆண்டுக்கொரு பயிற்சி உண்டு. பெரும்பாலும் முதலுதவி, தீயணைப்பு என்று ஏதாவது நடக்கும். அந்த ஆண்டு கணினி வந்தது. மூன்று பிற்பகல்கள், நடுவில் தேநீரும் கறிபாப் பலகாரமும். யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது நான் கை தூக்கவில்லை. எல்லாரும் போன பிறகு தாளில் பெயரை எழுதிவைத்தேன்.

எனக்கு வேலை ரப்பர் ஆய்வு நிலத்தில். முன்பு தோட்டமாக இருந்த இடம். இருநூறு மரங்கள், நிரைக்கு இருபது. நானும் என்னோடு வேலை செய்யும் அண்ணனும் மரப்பட்டையைச் சீவிப் பால் வடித்து, ஒவ்வொரு மரத்துப் பாலையும் தனித்தனியாக நிறுத்து, அந்தந்த மரத்தின் அட்டையில் எழுதுவோம். அந்த எண்களை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் என்னதான் செய்கிறார்கள் என்று எனக்குப் பல நாளாக யோசனை. கேட்டதில்லை.

பயிற்சியின் இரண்டாம் நாள் அட்டவணை போடக் கற்றுக்கொடுத்தார்கள். பழங்களின் எடையை முன்னும் பின்னுமாக எழுதிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், சிறியது மேலே, பெரியது கீழே என்று வரிசையாக நின்றன. நான் பழத்தை நினைக்கவில்லை. எங்கள் மரங்களை இப்படி நிறுத்தினால் யார் முதலில் நிற்பார், யார் கடைசியில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி முடிந்ததும் ஆய்வு நிலத்துக்குப் பொறுப்பான டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மரங்களை ஆராய்பவர், என்னைவிட வயதில் சிறியவர்.

“அக்கா, இந்த வருச அட்டைய நீங்களே டைப் பண்ணிடுறீங்களா?”

வெளியே காத்திருந்த அண்ணன் விடவில்லை. “கணக்கெழுதுற கிராணியம்மா ஆயிட்டியே தங்கச்சி! இனிமே கத்தி பிடிக்க கை வருமா?”

“சும்மா இருங்கண்ணே.”

ஒரு பத்தியில் மரத்தின் எண், அடுத்த பத்தியில் வருட மொத்தம். நான்கு பிற்பகல் ஆனது. முடித்தபோது அறையில் யாருமில்லை. ஆசையை அடக்க முடியவில்லை. மொத்தங்களின் பத்தியைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினேன். ஒரு சிறிய கட்டம் எழுந்து ஏதோ கேட்டது. பக்கத்துப் பத்தியையும் சேர்க்கவா, தேர்ந்தெடுத்ததை மட்டும் செய்யவா என்று இரண்டு வழி. தேவைக்கு மேல் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். இது மட்டும் போதும் என்று அழுத்தினேன். எண்கள் அழகாக வரிசைக்கு வந்தன. எதைச் செய்தாலும் உடனே சேமித்துவிட வேண்டும் என்று பயிற்சியில் நூறு முறை சொல்லியிருந்தார்கள். சேமித்தேன். டாக்டருக்கு அனுப்பியும் விட்டேன்.

அடுத்த வாரம் டாக்டர் கெமாஸ் ஊர்ப் பக்கம் இன்னொரு நிலத்தைப் பார்க்கப் போயிருந்தார். அங்கிருந்து ஒரு பட்டியல் அனுப்பினார். பால் குறைந்த முப்பது மரங்கள். அவற்றில் சிவப்புச் சாயம் பூசிவைக்க வேண்டும். மறுநாள் காலை ஆட்கள் வந்து சாய்த்துவிடுவார்கள், அங்கே புதுக்கன்று வரும்.

நான் எண்ணைப் படிக்க, அண்ணன் பூசிக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று.

“நல்ல வேலைலா இது. அங்கிட்டு இங்கிட்டு நடக்க வேணாம். எல்லா சோம்பேறியும் ஒரே நிரையில நிக்குது!”

நான் திரும்பிப் பார்த்தேன். முதல் நிரை முழுக்கச் சிவப்பு. பால் குறைந்த மரங்கள் இப்படிக் கைகோத்துக்கொண்டு நிற்குமா? ஏழாம் மரத்துக் கோப்பையில் காலையில் சீவிய பால் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வருடம் முழுக்க அது அப்படித்தான்.

“அண்ணே, பூசாதீங்க.”

அலுவலகத்துக்கு ஓடிக் கணினியைத் திறந்தேன். மொத்தங்கள் சிறியதிலிருந்து பெரியதுவரை இறங்கி வந்தன. பக்கத்தில் மர எண்களோ ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்த இடத்திலேயே நின்றன. பால் மட்டும் இடம் மாறியிருந்தது. வேறு ஏதோ ஒரு மரத்தின் பால், முதல் மரத்தின் பெயரில்.

நல்ல மரங்கள் முப்பது, விடிந்தால் கீழே கிடக்கும். டாக்டருக்குச் செய்தி எழுதினேன், அழித்தேன். மூன்று முறை. போனில் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. கடைசியில் அழைத்தேன்.

“டாக்டர், அந்த லிஸ்ட் தப்பு. நான்தான் கலைச்சிட்டேன்.”

நடந்ததைச் சொன்னேன்.

“முதல் நிரையா வந்துச்சே, ரோட்டோரம் மண்ணு சரியில்லன்னு நெனச்சேன்” என்றார் டாக்டர். பிறகு, “அட்டை இருக்காக்கா?”

“எல்லாம் இருக்கு.”

“அப்ப மறுபடி அடிங்க. காலையில நான் வந்துதான் மரத்துல கை வைக்கணும்.”

அண்ணன் அட்டைகளைப் படித்தார், நான் தட்டினேன். “பொத்தான அமுக்குனது நீ, தொண்டை காயறது எனக்கு” என்று முணுமுணுத்தாலும் ஒரு அட்டையையும் தாண்டவில்லை. இருநூறும் முடிந்து மறுபடி பொத்தானை அழுத்தினேன். அதே கட்டம் எழுந்தது. இந்த முறை ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். பக்கத்துப் பத்தியையும் சேர்த்துக்கொள் என்றேன். மரமும் பாலும் சேர்ந்தே நகர்ந்தன. பால் குறைந்த முப்பதும் நிலமெங்கும் சிதறிக் கிடந்தன.

காலையில் டாக்டர் வந்து பத்து அட்டைகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. “இனிமே வேற ஒரு காப்பியில செஞ்சு பாருங்கக்கா” என்று மட்டும் சொன்னார். முதல் நிரையின் சாயத்தை அண்ணனும் நானும் சுரண்டினோம். பிறகு புதுப் பட்டியலை நானே படித்தேன். நூற்றுப் பதினான்கு என்று படித்ததும் அண்ணன் நின்றார். நாங்கள் தேநீர் குடிக்க உட்காரும் மரம் அது. நல்ல நிழல்.

“இதுவுமா? நெசமாவா? மறுபடி ஏதும் கலைச்சிட்டியா?”

“இல்லண்ணே. அட்டையிலயே கம்மிதான். நீங்க எழுதுனதுதான்.”

அவர் தூரிகையைத் தோய்த்துப் பூசினார்.

அது சாய்ந்தபோது நான் தள்ளி நிற்கவில்லை. இவ்வளவு இலை வைத்த மரம் ஏன் பால் தரவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் குனிந்து, சீவிய இடத்துப் பட்டையைக் கத்தியால் பிளந்து காட்டினார். உள்ளே பழுப்பாக, உலர்ந்து ஒரு கோடு ஓடியது. பட்டை காயும் நோய் என்றார்.

“இது எத்தனை நாளா இருக்கும் டாக்டர்?” என்று கேட்டேன்.

“அட்டையில எந்த மாசத்துலேர்ந்து கொறையுதுன்னு பாத்தா தெரியும்” என்றார்.

அட்டையை எடுத்துவரப் போனேன்.