தவாவுக்குப் பட்டு, கைக்குச் சோடா

எங்கள் வீட்டில் கடவுளுக்கு அடுத்தபடியாக மரியாதை கிடைத்தது ஒரு நான்ஸ்டிக் தவாவுக்கு. சில நாள் கடவுள் இரண்டாவது இடத்துக்குப் போனதும் உண்டு. விளக்கேற்ற மறந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். தவாவில் எவர்சில்வர் கரண்டி பட்டால் என் மனைவிக்குத் தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

நான் ஆரணியில் பட்டுப்புடவை நெய்கிறவன். தறி வீட்டிலேயே இருக்கிறது. மனைவி செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் சமையலறை என் தலையில் விழுந்தது. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதன்பின் தறியும் நானும் எச்சில் பாத்திரமும்தான். இந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்ப்பதற்கென்றே பெரணமல்லூரிலிருந்து என் அக்கா பஸ் ஏறி வந்தாள். ஆம்பிளை பாத்திரம் தேய்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஆரம்பித்தாள். நான் சிரித்ததும் வேறு வழியில் வந்தாள்.

"கம்பி நார் புடிச்சிப் புடிச்சி கை சொரசொரன்னு ஆயிடும்டா. அப்புறம் எந்தக் கையால பட்டத் தொடுவ?"

அக்கா வாயில் உண்மை வருவது அபூர்வம். அன்று வந்து தொலைத்தது. விரல் நுனியில் துளி வெடிப்பு இருந்தாலும் பட்டு இழை அதில் மாட்டி அறுந்துபோகும். என் கைக்கு ஏதாவது ஆனால் வேலையை விட்டுவிடுவதாக மனைவி அக்கா எதிரிலேயே சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்ட பிடிவாதக்காரி. விட்டால் பழையபடி ராட்டைக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான். பதினைந்து வருஷம் அதில் எனக்கு நூல் சுற்றிக் கொடுத்தவள் அவள். அவள் வேலைக்குப் போனபின் நான் வெளியில் கொடுத்துத்தான் சுற்றி வாங்குகிறேன். அந்தப் பதினைந்து வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போது தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சிநேகிதிகளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே இறங்குகிறாள்.

என் கையைக் காப்பாற்றத்தான் தவா வந்தது. தேய்க்கவே வேண்டாம், துடைத்தால் போதும் என்று கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மரக்கரண்டி மட்டும்தான் போட வேண்டும். அடுப்பில் சும்மா காயவிடக் கூடாது. சூட்டோடு தண்ணீர் காட்டக் கூடாது. ஆறியபிறகு இரண்டு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய ஸ்பாஞ்சால் தடவிக் கழுவி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். மேலே வேறு பாத்திரம் அடுக்குவதானால் நடுவில் துணி போட வேண்டும். துணிக்கு நான் எங்கே போவேன், மீந்துபோன பட்டுத் துண்டை மடித்துப் போட்டேன். நெய்கிற எனக்குப் பட்டு உடுத்த வாய்க்கவில்லை, தவாவுக்கு வாய்த்தது.

எட்டு மாதம் தவாவோடு சேர்த்து எங்கள் மூவருக்கும் நல்லபடியாகத்தான் போயிற்று. ஒரு நாள் தவாவில் எண்ணெய் தடவி அடுப்பில் வைத்துவிட்டு, பாதியில் நின்றிருந்த புட்டாவை முடிக்கலாமென்று தறியில் உட்கார்ந்தேன். புட்டா என்றால் புடவையில் விழும் பூ. பாதியில் விட்டு எழுந்தால் கணக்கு தப்பிவிடும். புகை நாற்றம் வந்து ஓடிப் பார்த்தபோது தவா முழுக்கப் பழுப்பாக ஒரு பிசுபிசுப்பு ஏறியிருந்தது. துடைத்தாலும் போகவில்லை. தோசை ஊற்றினால் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் வாங்கின கடையில் போய்க் கேட்டிருப்பான். ஆரணிக்காரனுக்குப் பிசுபிசுப்பு என்றால் கச்சாப் பட்டின் பசைதான். அதைப் போக்க சாயப்பட்டறையில் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்கவிடுவார்கள், பட்டு பளபளவென்று வெளியே வரும். பட்டுக்குச் சரியென்றால் தவாவுக்கு என்ன கேடு? பட்டறைக்காரரிடம் சோடா வாங்கிவந்து அண்டாவில் தவாவை வேகவைத்தேன். அவர்கள் கழியால் புரட்டுவார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. சூடு கொஞ்சம் தணிந்ததும் இரண்டு கையையும் உள்ளே விட்டு, தேங்காய் நாரால் ஒரு மணி நேரம் தேய்த்தேன்.

பிசுபிசுப்பு போயிற்று. கூடவே தவாவின் கறுப்புத் தோலும் செதில் செதிலாகக் கழன்று வந்தது. தவாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, இரவுக்கு உப்புமா கிளறினேன். மறுநாள் காலையில் பத்து விரலும் வெடித்திருந்தன. அறுந்த இழையை முடிச்சுப் போடப் போனால் நல்ல இழையும் சேர்ந்து அறுந்தது. மதியத்துக்குள் தறியை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு தவாவுக்காக இவ்வளவு பேஜாரா என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

மாலையில் மனைவிக்கு டீ நீட்டினேன். அவள் டம்ளரை விட்டுவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த நாள் ஆறே முக்கால் ஆகியும் அவள் தலைவாரவில்லை. கம்பெனி அடையாள அட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பரணிலிருந்து ராட்டையை இறக்கி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தறி நாசமாய்ப் போனாலும் போகட்டும், இவள் மறுபடி இதன் முன்னால் உட்காரக் கூடாது என்று தோன்றியது. ராட்டையைப் பிடுங்கி ஓரமாக வைத்தேன்.

"கை ரெண்டு வாரத்துல சரியாயிடும். நீ இங்க குந்திகினு இருக்கறதப் பாத்தா எனக்குத் தாங்காது. ஜல்தியா கெளம்பு."

அவள் ஈரத்துணியைக் கீழே வைத்தாள். அதற்குள் தெருமுனையில் ஹாரன் கேட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, பஸ்ஸுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். டிரைவர் சொன்னதை எழுத முடியாது. உள்ளே இருந்த பெண்கள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி மனைவி ஓடிவந்தாள். படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி என்னிடம் சொன்னாள்.

"அரிசி மூட்டைக்குப் பின்னால இருக்கிற தவாவப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடுங்க. அந்த ராட்டையையும் சேத்துப் போட்டுடுங்க."