நாற்காலி ஓரத்து ஈரம்

புக்கிட் செந்தோசாவில் மகன் வீட்டுக் கூடத்தில் எனக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி உண்டு. போன வருஷம் அதைச் சுற்றி மூத்திர வாடை வர ஆரம்பித்தது. நாற்காலியில் தொங்கும் துணி நனைந்திருக்கும். கீழே தரையிலும் கொஞ்சம் ஈரம்.

வீட்டில் இருப்பது மகன், மருமகள், நான், பிறகு என் கடுவன் பூனை. ராசா ஊரில் இருந்த தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது கூடையில் வைத்துத் தூக்கி வந்தேன். அதற்கும் கிழட்டு வயதுதான். குட்டியிலேயே காயடித்தாகிவிட்டது, ஒரு நாளும் வீட்டுக்குள் அசிங்கம் செய்ததில்லை. அதனால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என்மேல் வந்தது.

ஒரு சாயங்காலம் மருமகள் கடைக்குப் போய் வந்து என் கட்டிலில் ஒரு பாக்கெட்டை வைத்தாள். பெரியவர்கள் கட்டும் பெம்பர்ஸ்.

"வெக்கப்பட ஒண்ணும் இல்ல லா, அத்தை. எங்கம்மாகூட போடுறாங்க," என்று வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சரிம்மா" என்றேன். எனக்கே நிச்சயமில்லை. வயசாகிவிட்டதே, தெரியாமல் போயிருக்குமோ? கதவைச் சாத்திக்கொண்டு கைலியை மோந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்தது. ஆனாலும் அன்றிலிருந்து பழைய துண்டை மடித்துப் போட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம், கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன். பூனை நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை நிமிர்த்தி, துணிமேல் பீய்ச்சி அடித்தது. அடித்துவிட்டு வலியில் கத்துவதுபோல் ஒரு சத்தம் போட்டது.

என் பேர் சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சோபாவைப் பிறாண்டியபோதே மகன் சொல்லியிருந்தான்: "இன்னொரு தடவை சேட்டை பண்ணட்டும், ரவாங் பாசார்ல கொண்டு போய் விட்டுருவேன்." சொன்னால் செய்கிறவன். இந்த வயதில் சந்தையில் மீன் கடைக்குக் கீழே அது எப்படிப் பிழைக்கும்? நான் வாயைத் திறக்கவில்லை. எலுமிச்சைத் தண்ணீர் தொட்டுத் தரையைத் துடைத்தேன்.

அப்படித் துடைக்கும்போது ஒரு நாள் மகன் வந்துவிட்டான். "விடுங்கம்மா, அவ தொடைப்பா," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு உடம்பே கூசிப் போயிற்று.

சனிக்கிழமை என்னைக் கிளினிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னான். நானும் சேலை கட்டி நின்றேன். அவன் வாசற்படியில் உட்கார்ந்து காலில் சப்பாத்து மாட்டினான். பூனை அவன் முதுகுக்குப் பின்னால் திரும்பி நின்று வாலைத் தூக்கியது. நான் "ச்சூ" என்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"ஐயோ, உங்களுக்கும் ஒரு பெம்பர்ஸ் வாங்கணும் போல!" என்று மருமகள் சிரித்தாள். சிரித்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

மகன் எழுந்தான். "இதுதானா? உங்களுக்குத் தெரியுமாம்மா? ஏன் சொல்லல?"

"பாசார்ல விட்டுருவேன்னு சொன்னியேப்பா."

அவன் உள்ளே போய் வேறு சட்டை மாட்டி வந்தான். பூனைக் கூடையைக் கையில் எடுத்தான். என்னைக் காட்டுவதற்குப் பதில் அதை மிருக வைத்தியரிடம் காட்டினோம். மூத்திரப் பையில் புண்ணாம். மருந்து கொடுத்தார்கள்.

இப்போது ஈரம் குறைந்துவிட்டது. அந்தப் பாக்கெட்டை மருமகள் திருப்பிக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பூனையின் கூடையில் விரிக்கிறேன். ஆனால் நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம், யாரும் பார்க்காத நேரமாக, உட்கார்ந்த இடத்தை இன்னும் கையால் தடவிப் பார்க்கிறேன்.